ஃபவுண்டரி தூசியும் நுரையீரலும்: மாஸ்க் மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் தூசியைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே "மாஸ்க் கொடுத்திருக்கிறோமே, மாட்டினால்தானே" என்பார் மேலே இருப்பவர். "மாட்டினால் மூச்சு முட்டுது சார்" என்பார் கீழே இருப்பவர். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் தூசி விஷயத்தில் மாஸ்க் கடைசியாக வர வேண்டிய ஒன்று. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பாதிக்குப் பெரிய செலவும் கிடையாது. மோல்டிங் (மண்ணில் அச்சு போடுவது), நாக்-அவுட் (ஆறியதும் அச்சை உடைத்து வார்ப்பை எடுப்பது), ஃபெட்லிங் (வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்வது), லைனிங் (உலையின் உள்பூச்சு) என்று எந்த வேலை பார்ப்பவருக்கும், அவர்களிடம் வேலை வாங்கும் சூப்பர்வைசருக்கும் சேர்த்தேதான் இதை எழுதுகிறேன்.

எந்தத் தூசி ஆளைச் சாய்க்கிறது

மோல்டு போடும் மண் பெரும்பாலும் சிலிக்கா மணல், அதாவது குவார்ட்ஸ். மணலாக இருக்கிறவரை அதனால் பெரிய ஆபத்தில்லை, மூக்கிலேயே நின்றுவிடும், தும்மினால் வந்துவிடும். உருகிய இரும்பின் சூடு பட்டு உடைந்து, அதே மண்ணைத் திரும்பத் திரும்பச் சலித்துப் போடப் போடத்தான் பொடியாகிக்கொண்டே போகிறது. அதில் சுமார் 4 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் துகள்தான் நுரையீரலின் அடியில் இருக்கும் காற்றுப்பை வரைக்கும் போய்ச் சேர்கிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள், கண்ணுக்குத் தெரியாது. வேலை முடிந்து முகம் கழுவும்போது கறுப்பாக வருகிறதே, அது வெளியே நின்றுவிட்ட தூசி. உள்ளே போனது வேறு.

உள்ளே போன துகளை, நுரையீரலைக் காவல் காக்கும் உயிரணுக்கள் விழுங்கும். விழுங்கியதைச் செரிக்க முடியாமல் அந்த அணு செத்துப்போகும், துகள் மறுபடி வெளியே வரும், அடுத்த அணு விழுங்கும். இது ஓயாமல் நடக்க நடக்க அந்த இடத்தில் தழும்பு விழுந்து சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கெட்டிப்படும். அதுதான் சிலிக்கோசிஸ். தழும்பு விழுந்த இடம் சரியாக விரியாது, ஆக்சிஜனையும் வாங்காது. வேலையை விட்டுவிட்டாலும் உள்ளே போன துகள் அங்கேயேதான் இருக்கிறது, அதனால் நோய் அதன்பிறகும் முற்றலாம். விழுந்த தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை இல்லை. எதையாவது சாப்பிட்டால், குடித்தால் தூசி இறங்கிவிடும் என்று சொல்ல ஒவ்வொரு ஷெட்டிலும் ஒருவர் இருப்பார். சாப்பாடு போகிற குழாய் வேறு, மூச்சு போகிற குழாய் வேறு. தொண்டைக் கரகரப்பு போகும், அவ்வளவுதான்.

வழக்கமான சிலிக்கோசிஸ் வெளியே தெரிய 10 வருடத்துக்கு மேல் ஆகும், அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. தூசி அதிகமாக இருந்தால் 5 முதல் 10 வருடத்திலேயே வரும். மணலைப் பீய்ச்சி பிளாஸ்டிங் செய்வது மாதிரி மோசமான வேலையில், சில மாதங்களிலிருந்து ஓரிரு வருடத்துக்குள் மூச்சடைத்து ஆள் போனதும் உண்டு. (பிரிட்டனில் வார்ப்புகளை மணல் வைத்து பிளாஸ்ட் செய்வதை 1949-லேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். எஃகு ஷாட், அதாவது சின்ன எஃகுக் குண்டு, இருக்கும்போது மணல் எதற்கு?) இது போக நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு, காசநோய், சிறுநீரகக் கோளாறு எல்லாமே சிலிக்காவோடு சேர்ந்து வருபவை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலையிடத்தில் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவை 1997-ல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றில் சேர்த்தது. இரும்பு, எஃகு வார்ப்பு வேலையையே தனியாக அதே பிரிவில் வைத்திருக்கிறது.

முதல் வேலை: தூசி எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

ஷெட் முழுக்கத் தூசிதான் என்று தோன்றும். ஆனால் எல்லா இடமும் ஒன்றில்லை. ஈரமாக இருக்கும் பச்சை மண்ணில் மோல்டு போடும்போது தூசி குறைவு. அதே மண் காய்ந்து தரையில் கொட்டிக் கிடந்து, மேலே டிராலி ஓடும்போது அதிகம். மண்ணைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண், நிலக்கரிப் பொடி மூட்டையைப் பிரித்து மிக்ஸரில் கொட்டும் அந்த ஒரு நிமிடம் கணக்கிலேயே வராது, ஆனால் மூட்டையை உதறி மடிக்கிறவர் முகத்துக்கு நேராகத்தான் அது எழும்பும். நாக்-அவுட்டைச் சொல்லவே வேண்டாம், வெந்து காய்ந்த மண் அதிர்ந்து உடைகிற இடம் அது. ஃபெட்லிங்கில் வார்ப்பின் மேல் ஒட்டிய மண்ணைக் கிரைண்டர் சக்கரம் மாவாக்குகிறது, ஆள் அதன்மேல் குனிந்து நிற்கிறார்.

இதையெல்லாம்விட மோசமானது, யாரும் பேசாதது, ஃபர்னஸ் லைனிங் உடைக்கும் வேலை. லைனிங்குக்கு இடித்துக் கெட்டிக்கும் சிலிக்கா ராம்மிங் மாஸ் என்பது கிட்டத்தட்ட முழுக்கவே குவார்ட்ஸ்தான். பல நாள் உலைச் சூட்டில் கிடந்ததில் அதில் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு படிக வடிவமாக மாறியிருக்கும், அதுவும் அதே முதல் பிரிவு விஷம்தான். காற்றோட்டமே இல்லாத குழிக்குள் ஒருவர் இறங்கி, காற்றில் ஓடும் உளியான ஏர் சிப்பரை வைத்துச் சில மணி நேரம் அதை உடைக்கிறார். மாதத்தில் ஓரிரு முறைதானே என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆளிடம்தான் இது போகிறது, அவர் அடுத்த நாள் இன்னொரு ஷெட்டில் இன்னொரு லைனிங் உடைத்துக்கொண்டிருப்பார். இந்த வேலைக்கு என்95 மாஸ்க் போதாது. முழு முகத்தை மூடி, காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும் மோட்டார் வைத்த மாஸ்க்கோ, வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் மாஸ்க்கோதான் வேண்டும். சில உலைகளில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து லைனிங்கை ஒரே துண்டாகத் தள்ளிவிடும் வசதி உண்டு. புது உலை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், குழிக்குள் ஆள் இறங்கும் வேலையே அநேகமாக இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத தூசியைக் கொஞ்சமாவது பார்க்க ஒரு வழி இருக்கிறது. நைட் ஷிஃப்டில், அல்லது ஒரு மூலையில் விளக்கை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சமுள்ள டார்ச் ஒன்றை வேலை நடக்கும் இடத்துக்கு அந்தப் பக்கம், உங்களைப் பார்த்த மாதிரி வையுங்கள். டார்ச்சின் நேரடி வெளிச்சம் கண்ணில் படாமல் ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஒளிக்கற்றையைக் கவனியுங்கள். கிரைண்டர் ஓடும்போது நெருப்புப்பொறி ஒரு பக்கம் பறக்கும், நாம் எப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது பாருங்கள், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒரு மெல்லிய புகைமூட்டம் மேலே வந்து, உறிஞ்சு குழாயின் வாயைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, நேராக ஆளின் தாடைக்கு ஏறும். ஒருமுறை இதைச் சூப்பர்வைசருக்குக் காட்டிவிட்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். ஃபோனில் வீடியோவும் எடுத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம். நாக்-அவுட் முடிந்து தூசி அடங்கிவிட்டது என்று மாஸ்க்கைக் கழற்றுகிறோமே, அடங்குவது பெரிய தூசிதான். 1 மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள், அசைவே இல்லாத காற்றில், ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷெட்டில் காற்று எப்போது அசையாமல் இருந்தது?

அளந்து பார்க்கச் சொல்லுங்கள்

டார்ச் தூசியைக் காட்டும், அளவைச் சொல்லாது. அளப்பதற்குச் சட்டைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில், சைக்ளோன் என்ற சின்னக் கருவியை மாட்டி, இடுப்பில் பம்ப் கட்டி ஷிஃப்ட் முழுக்க ஓடவிடுவார்கள். நுண்ணிய தூசி மட்டும் வடிகட்டியில் தங்கும், அதை எடைபோட்டு, எக்ஸ்ரே கதிர் வைத்து அதில் சிலிக்கா எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். ஷெட் நடுவில் ஒரு ஸ்டாண்டில் கருவியை வைத்து அளந்துவிட்டுப் போனால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தூசி பிறப்பது உங்கள் முகத்துக்கு முன்னால், தூண் பக்கத்தில் இல்லை. அளக்கிற அன்று மட்டும் உற்பத்தியைக் குறைப்பதும், தரையைக் கழுவிவிடுவதும் நடக்கும், அதையும் குறித்து வையுங்கள்.

அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிப்படி 8 மணி நேரச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்காவைத் தாண்டக் கூடாது. 25-ஐத் தொட்டாலே கண்காணிப்பு தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 100. உங்கள் நாட்டில் என்ன எண் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் சட்டம் விடும் அளவு வேறு, உடம்பு தாங்கும் அளவு வேறு. 50 என்ற கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஒரு ஷிஃப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கும் ஆளுக்கு நாள் முழுக்கச் சேர்த்து அரை மில்லிகிராம்தான் வருகிறது. அவ்வளவு கொஞ்சம் போதும் இதற்கு.

எழும்பும் இடத்திலேயே பிடிப்பது

சிலிக்கா மணலுக்குப் பதிலாக ஆலிவின், குரோமைட், செராமிக் மணல் என்று மாற்று உண்டு. விலை அதிகம், எல்லா உலோகத்துக்கும் எல்லாம் ஒத்துவராது, அதனால் முழுதாக மாற்ற மாட்டார்கள். கோரிலாவது (வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் மண் கட்டி) மாற்ற முடியுமா என்று கேட்கலாம்.

நடைமுறையில் பெரிய வித்தியாசம் கொண்டுவருவது உறிஞ்சு குழாயும் அதன் வாயில் இருக்கும் மூடியான ஹூடும்தான், அதுவும் சரியான இடத்தில் இருந்தால். வட்டக் குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே, இழுக்கும் வேகம் வாயில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இரண்டு மடங்கு தூரம் போனால் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது 15 செ.மீ. குழாயை வார்ப்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி மாட்டிவிட்டு "எக்ஸ்ஹாஸ்ட் ஓடுது" என்றால், கரண்டு பில்தான் ஓடுகிறது. வார்ப்புக்கு ஒட்டி, சக்கரம் தூசியைத் தள்ளும் திசையிலேயே வாய் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தகடு வைத்து அடைத்தால் இன்னும் நல்லது. மூன்று பக்கமும் மூடிய கூண்டுக்குள் வார்ப்பை வைத்து, ஆள் வெளியே நின்று கிரைண்டிங் செய்ய முடிந்தால் அதைவிட நல்லது.

ஓடுகிறதா என்று பார்க்கப் புகைக்குச்சி ஒன்றை வேலை நடக்கும் இடத்தில் பிடித்தால் போதும். புகை ஹூடுக்குள் போகாமல் உங்களிடம் வந்தால் தூசியும் உங்களிடம்தான் வருகிறது. குழாயில் ஓட்டை, வளைவில் அடைசல், துணி வடிகட்டி உதறாமல் கிடப்பது, இந்த மூன்றும்தான் வழக்கமான காரணம். வடிகட்டிக்குக் கீழே இருக்கும் டிரம்மைக் காலி செய்கிறவரை மறந்துவிடாதீர்கள், ஷெட்டிலேயே மிக நைசான தூசி அதில்தான் இருக்கிறது. பையோடு அப்படியே கட்டி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பெடஸ்டல் ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. சூட்டுக்கு அது வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஃபெட்லிங் இடத்தில் பின்னாலிருந்து ஃபேன் வைத்தால் ஹூடு இழுப்பதையும் கெடுத்து, உங்கள் தூசியைப் பக்கத்து மேஜைக்காரருக்கு அனுப்பிவிடும். சுத்தமான வெளிக்காற்று பக்கவாட்டில் மெதுவாக வருகிற மாதிரி வைப்பதுதான் வழி.

தண்ணீர் தூசிக்கு நல்ல மருந்து. ஆறிப்போன மண்ணில் லேசாகத் தெளிப்பது, தரையை ஈரமாக வைத்துக் கூட்டுவது, லைனிங் உடைக்கும் முன் நன்றாக ஆறவிட்டு நனைப்பது எல்லாம் உதவும். ஆனால் உருகிய உலோகம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வரவே கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும், உலோகத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் வெடித்துச் சிதறும். ஊற்றும் இடம், உருகிய உலோகத்தை எடுக்கும் லேடில் வைக்கும் இடம், உலோகம் விழக்கூடிய குழி, இங்கெல்லாம் ஈரம் வேண்டாம், வாக்குவம் வையுங்கள். நனைத்த லைனிங்கைப் புதுப்பித்த பிறகும் முழுக்கக் காயாமல் சூடேற்றக் கூடாது.

நான் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் நிறுத்தலாம் என்றால், ஏர் அடிப்பதைத்தான் நிறுத்துவேன். ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்ரெஸர் ஹோஸை எடுத்து மேஜை, மெஷின், கடைசியில் சட்டை, தலை என்று அடிக்கிறோமே, நாள் முழுக்கப் படிந்த நைசுத் தூசியை ஒரே நிமிடத்தில் மறுபடி காற்றில் ஏற்றுவது அது. அந்நேரம் மாஸ்க்கும் கழற்றியாகிவிட்டது. நைசுத் தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி போட்ட தொழிற்சாலை வாக்குவம் வாங்கித் தரச் சொல்லுங்கள். சாதாரண வாக்குவம் ஒரு பக்கம் இழுத்து மறு பக்கம் நைசுத் தூசியை ஊதிவிடும், ஆகாது.

சரி, இப்போது மாஸ்க்

துண்டு, கர்ச்சீஃப், ஆபரேஷன் தியேட்டர் மாஸ்க், இவை எதுவும் இந்தத் தூசியைத் தடுக்காது. குறைந்தபட்சம் என்95 அல்லது அதற்கு நிகரான ஐரோப்பிய வகை எஃப்எஃப்பி2. முடிந்தால் பி100 வடிகட்டி மாட்டிய ரப்பர் அரை முக மாஸ்க், அது முகத்தில் நன்றாக உட்காரும், கழுவித் திரும்பப் போடலாம், நாள் கணக்கில் பார்த்தால் செலவும் குறைவு. ஆனால் இரண்டுமே, சரியாகப் பொருந்தினால், உள்ளே வரும் தூசியைப் பத்தில் ஒரு பங்காக்கும் என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். காற்றில் 1,000 மைக்ரோகிராம் இருந்தால் மாஸ்க்குக்குள் 100. அமெரிக்க வரம்புக்கு அதுவே இரண்டு மடங்கு. மாஸ்க்கைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இதுதான். பிளாஸ்டிங் அறைக்குள் ஆள் போவதாக இருந்தால் வெளிக்காற்று வரும் ஹெல்மெட் தவிர வேறு எதுவும் வேண்டாம், அந்தக் காற்றை எடுக்கும் கம்ப்ரெஸர் குப்போலா உலைப் புகைக்கோ டீசல் புகைக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு அப்படியே தலைக்குள் வரும்.

மாட்டும்போது இரண்டு பட்டையையும் போடுங்கள், ஒன்றைத் தொங்கவிடாதீர்கள். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல் இரண்டு கை விரலாலும் அழுத்தி வளையுங்கள். இரு கையாலும் மாஸ்க்கை மூடி ஊதிப் பாருங்கள், கண்ணுக்குப் பக்கத்தில் காற்று பட்டால் ஓட்டை அங்கே இருக்கிறது. தாடி, இரண்டு நாள் முள்ளுத்தாடி உள்பட, இருந்தால் மாஸ்க் ஒட்டாது. வேலை முடிந்து கழற்றியதும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூக்கின் ஓரத்திலிருந்தோ கன்னத்திலிருந்தோ உள்ளே கறுப்பாக ஒரு கோடு வந்திருந்தால் தூசி வடிகட்டி வழியாக வரவில்லை, அந்த இடுக்கு வழியாக வந்திருக்கிறது. அந்த அளவு மாஸ்க் உங்கள் முகத்துக்கு ஆகாது, வேறு அளவு கேளுங்கள். தலையில் ஒரு கூண்டை மாட்டி, இனிப்பு அல்லது கசப்பு மருந்தைத் தெளித்து, சுவை தெரிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனை ஒன்று உண்டு. வருடம் ஒருமுறை கம்பெனி செய்து தர வேண்டும். மூச்சு முட்டுகிறது என்றால், வடிகட்டி அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். புதிதும் முட்டினால் டாக்டரைப் பாருங்கள், கோளாறு மாஸ்க்கில் இல்லாமல் இருக்கலாம்.

வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உதறித் துவைக்கிறவரும் அதே தூசியைத்தான் சுவாசிப்பார், குழந்தையும் அந்தச் சட்டையைத்தான் பிடிக்கும். குளித்துவிட்டு மாற்றுத் துணியில் கிளம்புங்கள்.

டாக்டரிடம் போகும்போது

வேலைக்குச் சேரும்போதே ஒரு நெஞ்சு எக்ஸ்ரேவும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்துவிடுங்கள். ஸ்பைரோமெட்ரி என்பது முழு மூச்சு எவ்வளவு, அதில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு ஊதுகிறீர்கள் என்று பார்ப்பது. அடுத்தடுத்த வருடங்களில் உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். "நார்மல்" என்று முத்திரை குத்திக் கொடுப்பதில் ஒன்றுமில்லை, நல்ல உடல்வாகு உள்ளவர் நிறைய இழந்த பிறகும் நார்மல் எல்லைக்குள்ளேயே இருப்பார். தொடக்க நிலையில் இரண்டு சோதனையும் சரியாகவே காட்டலாம், சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேனில் முன்னதாகத் தெரியும். எக்ஸ்ரேவை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டுப்படி படிக்கத் தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "ஃபவுண்டரியில் இத்தனை வருடம், இந்த வேலை, சிலிக்கா தூசி." இதைச் சொல்லாமல் விடுவதால் ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. சிலிக்கோசிஸ் முடிச்சுகள் நுரையீரலின் மேல்பகுதியில்தான் அதிகம் வரும், காசநோயும் அங்கேதான் வரும். படத்தை மட்டும் பார்த்துக் காசநோய் மருந்து ஆரம்பித்து, ஒரு சுற்று முடிந்து, குணமாகாமல் இரண்டாவது சுற்றும் போனவர்கள் உண்டு. சளியைச் சோதித்துக் கிருமி இருக்கிறதா என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். மறுபக்கம், சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு உண்மையிலேயே காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், அதனால் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், இரவு வியர்வை இருந்தால் தூசிதானே என்று விடவும் கூடாது. சிலிக்கா தூசியில் வேலை பார்ப்பவரையும் முன்பு பார்த்தவரையும் காசநோய்க்கு முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. சிகரெட், பீடி பிடித்தால் நிறுத்துங்கள். ஆனால் "நீ பீடி பிடிக்கிறவன், அதனால்தான்" என்று உங்கள் நோயை அதன் தலையில் கட்டிவிட யாரையும் விடாதீர்கள், நுரையீரலில் சிலிக்கா முடிச்சைப் பீடி உண்டாக்காது.

எல்லா மூச்சுத்திணறலும் சிலிக்காவும் இல்லை. பித்தளை ஊற்றிய அன்று இரவு குளிர்காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் போனால் அது துத்தநாகப் புகை. சூடேற்றாமல் பிசின் வைத்துக் கெட்டிப்படுத்தும் கோல்டு பாக்ஸ் கோர் போடும் இடத்தில் மட்டும் நெஞ்சு இறுகி, லீவில் சரியானால் அந்தப் பிசினில் இருக்கும் ஐசோசயனேட் தரும் ஆஸ்துமாவாக இருக்கலாம், அந்த வேலையிலிருந்து உடனே மாறுங்கள்.

காகிதம்

சிலிக்கோசிஸ் இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய் என்று 1934-லேயே சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, பெரும்பாலான நாடுகளில் சட்டமும் இருக்கிறது. கேட்கப் போகும்போது மாட்டுவது ஒரே இடத்தில்தான், எங்கே, எப்போது, என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி. நோய் வெளியே வருவதற்குள் கம்பெனி மூடியிருக்கலாம், கான்ட்ராக்டர் ஊரை விட்டே போயிருக்கலாம். ஒரு நோட்டில் கம்பெனி பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்த செக்‌ஷன், கூட வேலை பார்த்த இருவர் பெயர் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, தூசி அளந்த அறிக்கை, எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். எக்ஸ்ரே படத்தைக் கம்பெனி ஃபைலிலேயே விட்டுவிடாமல் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது, படமே வேண்டும். மாஸ்க், ஹூடு, வாக்குவம் கேட்பதையும் வாயால் கேட்காமல், நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தேதியோடு எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி, அந்தப் பிரதியையும் அதே நோட்டில் ஒட்டிவிடுங்கள்.